கண்ணும் குறிமணியும்: கென்னத் ஆண்டர்சன் வாழ்க்கை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் நமக்கு நீரும் வலையும் பூநாரையும் பழகியவை. புலியும் பரணும் அயலானவை. ஆயினும் துப்பாக்கி நம் மண்ணுக்குப் புதியதன்று. 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையை எழுப்பிய டச்சு வணிகக் குழுவினர், அங்கேயே வெடிமருந்து செய்து கீழை நாடுகளில் இருந்த தம் படைகளுக்குக் கப்பலில் அனுப்பினர். புலியும் நமக்கு வெகு தொலைவில் இருந்ததன்று. எளாவூரிலிருந்து மேற்கே காளத்தி, திருப்பதி வழியாக ஒரு பகற்பயணத்தில் அடையக்கூடிய சாமலாப் பள்ளத்தாக்கில், சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் ஓர் ஆட்கொல்லிப் புலி மக்களை நடுங்க வைத்தது. அதனைத் தேடிப் பெங்களூரிலிருந்து வந்தவரே கென்னத் ஆண்டர்சன்.

வேட்டைக்காரர் ஒருவரின் வாழ்க்கைக்குப் பாவலர் மலரில் இடம் எதற்கு என்னும் வினா எழக்கூடும். ஆண்டர்சன் வேட்டைக்காரர் மட்டுமல்லர். தமிழ்நாட்டு வடமேற்கு எல்லைக் காடுகளை உலக வாசகர்க்கு அறிமுகம் செய்த எழுத்தாளரும் ஆவார். அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாறு, ஏலகிரி, சீகூர் ஆகிய நம் ஊர்ப் பெயர்கள் அவர் நூல்கள் வழியாகவே கடல் கடந்தன. அவ்வெழுத்தின் வேர் அவர் காட்டைப் பார்த்த முறையில் உள்ளது. அந்தப் பார்வையை அறிய, அவர் தோளில் கிடந்த துப்பாக்கியையும், அதில் அவர் கண் வைத்த குறியையும் அறிதல் வேண்டும்.

பிறப்பும் பணியும்

ஆண்டர்சன் 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்துவந்த இசுக்காட்லாந்து மரபுக் குடும்பம் அவருடையது. தந்தையார் படைத்துறைக் கணக்கு அலுவலில் இருந்தவர்; மகனுக்குக் காட்டு வழியையும் துப்பாக்கியையும் முதலில் அறிமுகம் செய்தவரும் அவரே. பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித சூசையப்பர் கல்லூரியிலும் பயின்ற ஆண்டர்சன், சட்டம் கற்க எடின்பரோ நகருக்கு அனுப்பப்பெற்றார். அப்படிப்பு அவர் மனத்தில் ஒட்டவில்லை. இடையிலேயே விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். அஞ்சல் தந்தித் துறையில் பல்லாண்டுகள் பணியாற்றியபின், பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டமிடும் பிரிவின் மேலாளராக விளங்கினார்.

ஆகவே காடு அவருக்குத் தொழிலன்று. விடுமுறை நாள்களில் தேடிச் சென்ற உறவு. தமிழும் கன்னடமும் பேசுவார். மாட்டிடையர், வண்டியோட்டி, வனக்காவலர், நாட்டு மருந்து அறிந்த முதியோர் ஆகியோரிடம் அமர்ந்து கேட்டறியும் பழக்கம் உடையவர். சின்னாற்றங்கரையில் முத்தூரை அடுத்து வாழ்ந்த பைரா என்னும் பூசாரி இனத்துப் பழங்குடியினர் அவருக்கு நண்பரும் ஆசானும் ஆனார். ஆற்றங்கரைக் குழியையே வீடாகக் கொண்டு, நாட்டுத் துப்பாக்கியால் உரிமமின்றி வேட்டையாடி வாழ்ந்தவர் அவர். அரசின் கண்ணில் குற்றவாளி. ஆண்டர்சனின் ஏட்டிலோ காட்டை எழுத்தெண்ணிப் படித்த புலவர். ஆளும் இனத்தில் பிறந்த ஒருவர், உடைமை ஏதுமில்லாத ஒருவரிடம் மாணாக்கராக அமர்ந்தமை நாம் கருதத்தக்கது.

கையிலிருந்த கருவி

ஆண்டர்சன் நூல்களில் மனிதர்களுக்கு அடுத்தபடி மிகுதியாக வரும் பெயர் அவருடைய 405 வின்செஸ்டர் ரைபிளே. 1895ஆம் ஆண்டு மாதிரியான இது, ஜான் மோசஸ் பிரௌனிங் என்னும் அமெரிக்கக் கம்மியர் வகுத்த வடிவம். விசைக்குக் கீழே கைப்பிடி வளையம் போன்ற ஒரு நெம்புகோல் இருக்கும். அதனைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே துள்ளும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா குழலுள் ஏறும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே அடுத்த வேட்டுக்கு அணியமாகலாம் என்பதே இதன் சிறப்பு.

இதற்கு முந்திய நெம்புகோல் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலின் அடியில் ஒரு நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். பின் தோட்டாவின் முனை முன் தோட்டாவின் அடியைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கூர்முனைக் குண்டுகளை அவற்றில் இடுதல் ஆபத்து. பிரௌனிங் அக்குழாயை நீக்கி, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை அமைத்தார். 1904இல் இத்துப்பாக்கிக்கென்றே 405 என்னும் வலிய தோட்டா வெளிவந்தது. குண்டின் எடை 300 கிரெய்ன், அஃதாவது ஏறத்தாழ 19 கிராம். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூசுவெல்ட் 1909இல் ஆப்பிரிக்கக் காடுகளுக்கு எடுத்துச் சென்ற துப்பாக்கிகளுள் இதுவும் ஒன்று.

கனத்த குண்டாதலின் அருகில் அதன் அடி பேரிடி. நூற்றைம்பது, இருநூறு கெஜத்திற்கு அப்பால் விரைவாகத் தாழ்ந்து விழும். ஆகவே இத்தோட்டா நெருங்கிச் சுடுபவனுக்கு உரியது. எந்தக் குறியை வைத்துச் சுடுவது என்னும் வினாவின் பாதி விடை தோட்டாவிலேயே அடங்கியிருந்தது.

இருவகைக் குறி

பழைய முறைக் குறி இரண்டு உறுப்புகளைக் கொண்டது. கண்ணுக்கு அருகே குழலின்மேல் ஒரு சிறு பள்ளம். குழலின் நுனியில் ஒரு சிறு மணி. பள்ளத்தின் நடுவே மணியை நிறுத்தி, மணியை இலக்கின்மேல் வைத்தால் குறி நேர்ப்படும். நம் மீனவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஏரியிலும் கடலிலும் தாம் நிற்கும் இடத்தை அறியக் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை, ஒரு பனையையும் ஒரு கோபுரத்தையும், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் கொண்டுவந்து பார்ப்பவர்கள் அவர்கள். இரண்டு புள்ளிகள் நேர்ப்பட்டால் மூன்றாவது தானே அகப்படும் என்னும் கணக்குத்தான் துப்பாக்கியின் திறந்த குறியிலும் உள்ளது.

மற்றொரு முறை தொலைநோக்கிக் குறி. குழலின்மேல் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதனுள் தெரியும் குறுக்குக் கோட்டை இலக்கின்மேல் வைப்பது. இதில் பள்ளமும் மணியும் இல்லை. இலக்கும் கோடும் ஒரே தளத்தில் தெளிவாகத் தோன்றும். நான்கு மடங்கு பெருக்கும் கண்ணாடியில் நூறு கெஜத்தில் நிற்கும் விலங்கு இருபத்தைந்து கெஜத்தில் நிற்பதுபோல் தெரியும். 1930இல் அமெரிக்காவில் மலிவு விலைத் தொலைநோக்கிகள் வெளிவந்தபின் எளிய வேட்டைக்காரரும் இதனை வாங்கலாயினர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் பனிமூட்டம் உட்புகாதபடி அடைக்கப்பட்ட கண்ணாடிகள் வந்தன. ஆண்டர்சனின் வேட்டைக் காலம் இம்மாறுதல்கள் நிகழ்ந்த காலமே. ஆயினும் அவர் கதைகளில் வரும் வின்செஸ்டரில் தொலைநோக்கி இல்லை.

இதற்கு முதற் காரணம் துப்பாக்கியின் உடலமைப்பே. 1895 மாதிரியில் வெற்றுக்கூடு நேர் மேலே துள்ளி வெளியேறும். மேலே கண்ணாடியை வைத்தால் கூடு அதில் மோதும். பக்கவாட்டில் வைத்தால் கன்னம் கட்டையில் படியாது. தலை தூக்கிப் பார்க்க நேரும். கட்டைவிரலால் இழுத்து ஏற்ற வேண்டிய சுத்தியும் வெளியே இருப்பதால், அதற்குமேல் கண்ணாடி வந்தால் விரல் தடுமாறும். கூட்டைப் பக்கவாட்டில் தள்ளும் மார்லின் துப்பாக்கிகளில் இவ்விடர் இல்லை. வின்செஸ்டர் நிறுவனத்தார் தம் 1894 மாதிரியின் கூடு சாய்வாக வெளியேறும்படி மாற்றியமைத்தது 1980களில்தான். அதாவது ஆண்டர்சன் மறைந்த பின்னரே.

ஜவளகிரியும் கும்மளாபுரமும்

இரண்டாவது காரணம் தொலைவு. இதனை அவர் வாழ்வின் இரு நிகழ்ச்சிகளால் அறியலாம்.

ஜவளகிரிக் காட்டில் ஒரு பெண்புலி ஆட்கொல்லியாயிற்று. வைத்த இரைக்கு வாராமலும், ஓரிடத்தில் தங்காமலும் திரிந்தது. நாள் பல கடந்தபின், சூளேகுண்டா என்னுமிடத்துப் பாழ்ங்கோயில் அருகே ஆண்டர்சன் காத்திருந்தார். அது இணைதேடும் பருவம் என்பதைக் குரலால் உணர்ந்த அவர், ஆண்புலியின் அழைப்பைத் தம் தொண்டையாலேயே எழுப்பினார். பெண்புலி விடை கூறியது, மீண்டும் அழைத்தார், குரல் நெருங்கியது. அது எதிர்ப்பட்டபோது சுடுவதற்கு இருந்த காலம் சில நொடிகளே.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கு. நான்கு மடங்குக் கண்ணாடியில் நூறு கெஜத்திற்கு அப்பால் தெரியும் வட்டத்தின் அகலம் ஏறத்தாழ முப்பது அடி. பத்துக் கெஜத்தில் அவ்வட்டம் மூன்றடியாகச் சுருங்கும். மூக்கு முதல் வால் நுனி வரை ஒன்பதடி நீளமுள்ள புலி அதில் எப்படித் தெரியும்? மஞ்சளும் கறுப்புமாகச் சில கோடுகள் தெரியும். அவை தோளோ தொடையோ என்று தேர்வதற்குள் புலி பாய்ந்துவிடும். திறந்த குறியிலோ இரு கண்களும் விழித்திருக்கும். புலி முழுதும் தெரியும். அதன் இருபுறத்துப் புதரும் தெரியும்.

கும்மளாபுரத்து நிகழ்ச்சி இதனினும் நெருக்கமானது. அங்கே ஒரு சிறுத்தை இரவில் வீடுகளுக்குள் புகுந்து மக்களைக் கொன்றது. ஊரார் பொழுது சாயுமுன் கதவடைத்து, இயற்கைக் கடனுக்கும் வெளியேறாது அஞ்சிக் கிடந்தனர். ஆண்டர்சன் குடிசைகளுக்கு இடையில் இரவுகளைக் கழித்தார். ஊரில் எவரும் பேணாத, எலும்பும் தோலுமான ஒரு நாய் அவரோடு ஒட்டிக்கொண்டது. சிறுத்தை அணுகியதை அவர் கண்ணுக்கும் காதுக்கும் முன்னே அந்நாயின் மூக்கு அறிந்தது. அதன் உறுமலே திசை காட்டிற்று. துப்பாக்கியில் பிணைத்திருந்த மின்விளக்கை ஏற்றினார். அவ்வொளி குழல் வழியே ஓடிக் குறிமணியையும் அப்பாலிருந்த சிறுத்தையையும் ஒருங்கே காட்டியது. சிறுத்தை வீழ்ந்தது. நாயை அவர் பெங்களூருக்கு உடனழைத்துச் சென்று தம் வீட்டில் வளர்த்தார்.

இவ்விரண்டிலும் அவரைக் காத்தவை செவியும், பொறுமையும், ஒரு நாயின் நட்பும் ஆகும். குறிமணிக்கு வேலை வந்தது கடைசிக் கணத்தில் மட்டுமே.

தவறிய குறியின் விலை

குறி பற்றிய இவ்வாராய்ச்சி வெறும் கருவி நயம் அன்று. மனித உயிர்களைப் பற்றியது. புலியும் சிறுத்தையும் இயல்பில் மனிதனை இரையாகக் கொள்வன அல்ல. முதுமை, முள்ளம்பன்றியின் முள், இவற்றோடு ஆறாத குண்டுக் காயமும் அவற்றை எளிய இரையின்பால் திருப்புகின்றது. யாரோ ஒருவர் இருட்டில் அவசரமாகச் சுட்டு, இரண்டு அங்குலம் தவறிய குண்டு தாடையிலோ முன்காலிலோ தங்கிவிடுகிறது. சுட்டவர் வீடு திரும்பி உறங்குகிறார். ஆறு மாதத்திற்குப்பின் பத்து மைல் தொலைவில், விறகு பொறுக்கச் சென்ற பெண் ஒருத்தி திரும்பி வருவதில்லை. ஆண்டர்சன் தம் நூல்களில் மீண்டும் மீண்டும் வந்து சேரும் இடம் இதுவே. பல ஆட்கொல்லிகளின் கதை மனிதனின் தவறிய குறியிலிருந்தே தொடங்குகிறது.

தம் தவறிய வேட்டுகளையும் அவர் மறைத்தாரல்லர். காயம்பட்ட விலங்கைக் குருதிச் சுவடு பற்றித் தொடர்ந்து சென்று முடிப்பது சுட்டவன் கடன் என்பது அவர் கடைப்பிடித்த நெறி. புதரடர்ந்த ஓடையில் காயம்பட்ட புலியைத் தேடிச் செல்வதினும் கொடிய வேலை வேட்டையில் இல்லை. அங்கும் விலங்கு தோன்றும் தொலைவு ஐந்து அல்லது பத்துக் கெஜம். திறந்த குறியும் விரைந்தியங்கும் நெம்புகோலும் துணையாவது அங்கேதான்.

கண்ணாடியின் பக்கத்து நியாயம்

ஒருபக்கமே பேசுதல் நடுவுநிலை ஆகாது. தொலைநோக்கிக்கும் வலுவான நியாயம் உண்டு. முதலாவது, மங்கிய ஒளி. நல்ல கண்ணாடி அந்தி வெளிச்சத்தைத் திரட்டிக் கண்ணுக்குள் சேர்க்கும். வெறுங்கண்ணுக்கு நிழலாகத் தெரிவது அதில் உருவமாகத் தெரியும். இரண்டாவது, நுண்மை. ஓரங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அகலமுள்ள குறிமணி, நூறு கெஜத்தில் ஏறத்தாழ ஆறங்குல இடத்தை மறைத்துவிடும். ஒரு புலியின் உயிர்நிலை அதனினும் பெரிதாக இருப்பினும், விளிம்பில் பிழை நேரலாம். அப்பிழையே அடுத்த ஆட்கொல்லியை ஈன்றுவிடக்கூடும். ஆகவே திறந்த வெளியில், நூறு, இருநூறு கெஜத்தில் சுடுபவர் கண்ணாடியைத் தள்ளுவது வீரமாகாது; விலங்குக்கு இழைக்கும் கொடுமையாகும்.

மூன்றாவது, முதுமை. திறந்த குறியில் சுடுபவன் கண் ஒரே நேரத்தில் பள்ளம், மணி, இலக்கு என மூன்று தொலைவுகளை நாட வேண்டும். இளங்கண்ணுக்கு இயலும். நாற்பத்தைந்தைக் கடந்தோர்க்குப் பள்ளம் புகைபோலாகும், மணியும் மங்கும். கண்ணாடி இம்மூன்றையும் ஒரே தளத்தில் சேர்த்துத் தருகிறது. பள்ளத்துக்கு மாற்றாகச் சிறு துளையுள்ள வளையத்தை வைத்து அதனூடே நோக்கும் துளைக்குறி இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. கண்ணுக்கு வேலை குறைவு. கண்ணாடியின் எடையும் இல்லை.

இமயமலை அடிவாரத்து ஜிம் கார்பெட்டும் 1926இல் ருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியது இரவில், மிக அருகிலேதான். கார்பெட்டும் ஆண்டர்சனும் பழைய குறியோடு நின்றது பழமைப் பற்றால் மட்டும் அன்று. ஆட்கொல்லியை நெருங்கியே முடிக்க வேண்டியிருந்த அவர்தம் வேலை அதனை வேண்டிற்று. எத்தொலைவில் நிற்கிறோம் என்பதே எதைக்கொண்டு பார்ப்பது என்பதை முடிவு செய்கிறது. அத்தொலைவை ஆண்டர்சன் தாமே தேர்ந்துகொண்டார் என்பதில்தான் அவர் தனித்தன்மை உள்ளது. ஊரார் அஞ்சும் இடத்தில் ஊராரோடு தரையில் அமர்ந்தார். காட்டில் இரவில் தனியே நடந்தார். விளிம்பற்ற பார்வை அவருக்கு வாய்த்தது அவ்வாறே.

எழுத்தும் ஒளிப்படமும்

1954இல் அவருடைய முதல் நூல் இலண்டனில் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு மதயானையையும் பெயரிலேயே கொண்ட அந்நூலில் ஜவளகிரி, கும்மளாபுரம், சாமலா, சீகூர் ஆகிய எல்லாம் இடம்பெற்றன. பைராவுக்கெனவும் ஓர் அத்தியாயம் அமைந்தது. 1957, 1959, 1961 எனத் தொடர்ந்து நூல்கள் வந்தன. அவற்றைப் படிப்போர் ஒன்றை உணர்வர். புலி சாகும் இடம் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னுள்ள இருபது பக்கங்களில் கூகையின் குரல், மானின் எச்சரிக்கை, மூங்கில் உரசும் ஓசை, காய்ந்த சருகின்மேல் விழும் அடி ஆகியவையே நிறைந்திருக்கும். குறுக்குக் கோட்டின் வட்டத்துக்குள் மட்டும் நோக்கியிருந்தால் இவற்றை அவர் எழுதியிருக்க இயலாது.

1939 முதல் 1966 வரை அரசுப் பதிவில் அவர் பெயரில் உள்ள ஆட்கொல்லிகள் 8 சிறுத்தைகளும் 7 புலிகளும் ஆகும் என்பர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்லக் காடு வெறுமையாவதை அவர் கண்டார். நஞ்சிட்டும், வாகன விளக்கொளியில் சுட்டும் விலங்குகள் அழிக்கப்படுவதை வருந்தி எழுதினார். பிற்காலத்தில் துப்பாக்கியை விடுத்து ஒளிப்படக் கருவியை ஏந்தினார். தென்னாட்டில் வனவிலங்குக் காப்புக்குக் குரல் கொடுத்த முன்னோடிகளுள் ஒருவரானார். துப்பாக்கியில் கண்ணாடி வைக்காதவர், கொல்லாத கருவி வந்தபோது அதன் கண்ணாடியை மனமுவந்து ஏற்றார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கிற்று. 1974 ஆகஸ்டு 30ஆம் நாள் ஆண்டர்சன் பெங்களூரில் புற்றுநோயால் மறைந்தார். அவர் இறுதியாக எழுதிய நூல் 1976இல், மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. அவர் மகனார் டொனால்டும் காட்டிலே வளர்ந்து, தம் நினைவுகளைச் சொல்லிவிட்டு, 2014இல் மறைந்தார். அதே 2014ஆம் ஆண்டில் ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகள் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துள் அடங்கின. 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பெற்றது. இன்று அக்காடுகளில் புலியை எதிர்நோக்கி மரத்தில் கட்டியிருப்பவை தானியங்கு ஒளிப்படக் கருவிகள். அவை புலியின் கோடுகளைப் பதிந்துகொள்கின்றன. கோடுகளைக் கொண்டு எண்ணிக்கை அறிகின்றனர்.

கருவிகள் மாறும். எந்த உயிரை எவ்வளவு அருகில் சென்று பார்த்தோம் என்னும் கணக்கு மாறாது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துப் பாவலர் பெருமக்கள், ஏரியைப் பாடும்போது எழுதுகோலை எடுக்குமுன் ஓர் இரவேனும் பாட்டுவலைக்காரரோடு தோணியில் அமர்ந்து வருவார்களாயின், ஆண்டர்சனின் வாழ்க்கை இம்மலரில் இடம்பெற்றதன் பயன் கைகூடும்.